தேய்மானக் கொப்பி

கொக்கிதான் முதலில் போகும்,
வெற்றுக்கோதைக் கவ்வி இழுக்கிற பல்.
பின்னால் மிளகளவு ஸ்பிரிங் சோர்ந்துவிடும்.
பிறகு ஊசி: முனை மழுங்கும், இல்லாவிட்டால்
பனி விடியலொன்றில் சொல்லாமல் முறியும்.
போல்ட்டின் இரண்டு காதும் நெடுநாள் நிற்கும்.
மினுக்கம் ஏறினால் பயமில்லை.
வெடிப்போ என்று சந்தேகமா,
நகத்தைக் குறுக்கே ஓட்டு;
தடுக்கும்.

துவக்கின் இலக்கத்தை மையால் எழுதினேன்,
சுட்ட கணக்கையும் மையால்.
கொண்டுபோகிறவரின் பெயரை மட்டும்
பென்சிலால் எழுதச் சொல்லியிருந்தார்கள்.

அந்த ஒரு போல்ட்டுக்கு
கொக்கி இரண்டுதரம் மாற்றினேன், ஊசி ஒருதரம்.
பெயர் எத்தனைதரம் என்று தெரியாது.
அழிறப்பர் பட்டுப்பட்டு
அந்த இடத்தில் தாள் மெலிந்து கிழிந்தது,
ஓரத்தில் அழியாமல் ஒரு ‘ழி’.

இப்போது சுன்னாகத்தில்
தையல் மெசின் திருத்துகிறேன்.
இன்று ஒருத்தி ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கினாள்.
“ஊசித்தண்டு ஆடுது அக்கா,
இன்னும் எத்தின வருசம் போகும்?”
தண்டைக் கழற்றி விரலிடையில் உருட்டினேன்.
நகத்தை ஓட்டினேன்.
போகும் என்றேன்.

பற்றுச்சீட்டுக்குப் பெயர் கேட்டேன்.
கோகிலவாணி.
மேசையில் பென்சில் கிடந்தது.
பேனை தேடி எடுக்கும்வரை
அவளை நிற்கவைத்தேன்.