ஊமைக் கட்டை

டவுன்ஹால் ரோடு முடியும் இடத்தில்
ஸ்டேஷனைப் பார்த்த ஹோட்டல்.
அதன் வரவேற்பறையில்
ஆறிலிருந்து ஒன்பது வரை வாசிக்கிறேன்.
பாண்டியன் எக்ஸ்பிரஸுக்குக் காத்திருப்பவர்களுக்குப்
பியானோ என்பது
ஏசியோடு சேர்ந்து சும்மா கிடைப்பது.

விரல் நோகப் பழகிய கஷ்டமான உருப்படி
ஒன்றை எடுப்பேன்.
பாதியில் யாராவது வந்து
வைஃபை பாஸ்வேர்டு கேட்பார்கள்.

பிறகு டிஷ்யூ காகிதத்தில் அந்தச் சீட்டு வரும்.
கையெழுத்து வேறு, மை வேறு,
பாட்டு ஒன்றுதான்.
முதல் வரி மறந்துபோன சிலர்
"அந்த மழைப் பாட்டு" என்று எழுதுவார்கள்.
பாட்டில் மழையே கிடையாது.

படம் பதினோரு நாள் ஓடியதாம்.
பன்னிரண்டாம் நாள் தியேட்டரில் வேறு போஸ்டர்.
கதையைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
பெட்டி திரும்பிப் போய்விட்டது,
பாட்டு ரயிலேறவில்லை.

வெகுகாலம் அந்தச் சீட்டை வெறுத்தேன்.
கூடவே வந்த நூறு ரூபாயை
மடித்துப் பையில் வைத்துக்கொண்டுதான் வெறுத்தேன்.

போன சித்திரைக் கூட்டத்தில்
எந்த வீட்டுப் பிள்ளையோ ரோஸ்மில்க்கைக் கவிழ்க்க,
நடுவில் ஒரு கறுப்புக் கட்டை ஊமையானது.
கோயம்புத்தூரிலிருந்து ட்யூனர் வருவதாகச் சொன்னார்.
சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்தக் கட்டை இல்லாமல் அந்தப் பாட்டு இல்லை.
மூன்றாம் வரியில் மெட்டு ஏறிப்போய்
ஒரு நொடி அங்கேதான் நிற்கும்,
டவுன்பஸ் படியில் ஒற்றைக் காலில்.

சீட்டு வந்தது. வாசித்தேன்.
ஏறினேன், அழுத்தினேன்,
மரம் மட்டும் டொக் என்றது.
அந்த டொக்குக்கு மேலே
சுருதி பிசகாமல் ஒரு குரல்.
லிஃப்ட் பக்கம் சூட்கேஸ் மேல் உட்கார்ந்திருந்த
விளாங்குடி லேத் பட்டறைக்காரர்.
போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
பாடியது அவருக்கே தெரியாது.

மறுநாள் ரிசப்ஷனில் ஜெனிதா,
சாவியை நீட்டியபடியே.
இன்னொரு நாள் தொண்டை ஆபரேஷன் முடிந்து
ஊர் திரும்பும் ஒருவர்;
உதடு மட்டும் அந்த நேரத்துக்குத் திறந்தது.
பாகப்பிரிவினை வழக்குக்கு எதிரெதிராக வந்த
அண்ணன் தம்பி இரண்டு பேர்
ஆளுக்கொரு சோபாவில் முகம் திருப்பி உட்கார்ந்து
ஒரே நொடியில்.

நான் வாசிப்பதாக நினைத்திருந்தேன்.
அதற்குள் பள்ளம் பார்த்து நிற்கிறது
இத்தனை தண்ணீர்.

ஆடியில் ட்யூனர் வந்தேவிட்டார்.
காய்ந்த பாலைச் சுரண்டினார், கம்பளியை மாற்றினார்.
கட்டை மணி மாதிரிப் பேசியது.
அன்று சாயங்காலம் கைதட்டினார்கள்.
யாரும் பாடவில்லை.

இப்போதெல்லாம் அந்த இடம் வந்தால்
விரலைத் தூக்கிக்கொள்கிறேன்.

நேற்று கேட்டைச் சாத்தும்போது
வாட்ச்மேன் சோலையப்பன் சொன்னார்:
"எல்லாம் நல்லாத்தான் வாசிக்கிறீக.
அந்தப் பாட்டுல மட்டும்
ஒரு எடத்துல விட்டுப்போகுது சார்."

எந்த இடம் என்றேன்.
பாடிக் காட்டினார்.