நாற்பத்து மூன்று திரைகள்

நாற்பத்து மூன்று திரைகள் வரைந்தவன் நான்.
வண்டி பிடிக்க, சாயப்பட்டறையில் முறை வாங்க,
காம்பேக்டிங் கூலி பார்க்க.
எல்லாவற்றிலும் ஒரே பச்சைப் பொத்தான்.
அந்தப் பச்சைக்காக மூன்று வாரம் சண்டை போட்டிருக்கிறேன்.

அனுப்பர்பாளையம் ருக்குமணி
ஒன்றையும் திறந்ததில்லை.
ஷிஃப்ட் மாறும் நேரத்தில்
நிட்டிங் மிஷின் இரைச்சலோடு ஒரு குரல் வரும்:
"பத்து ரோல் நாளைக்குச் சாயத்துக்குப் போகோணும் கண்ணு,
பாத்துத் தாட்டி வுட்டுரு."
உதவி மையத்துக் கோகிலா அதைக் கேட்டு
என் பச்சைகளை ஒவ்வொன்றாய் அழுத்துவாள்.
ருக்குமணி எங்கள் ஆப்பின் தினசரிப் பயனர் என்று
முதலீட்டாளர்களிடம் படம் போட்டுக் காட்டினோம்.

பங்குனியில் முதலாளி சொன்னார்:
"திரையெல்லாம் எடுத்துருங்க.
சொன்னாச் செய்யற ஏஜென்ட் ஒண்ணு போதும்.
பொத்தானா விக்கறோம் நாம?"
சரிதான்.
சரியென்று எனக்கே தெரிந்ததால்
அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

ஏஜென்ட் வந்தது.
பல்லடம் ரோட்டில் சும்மா நின்ற வண்டியை
நூற்றைம்பது ரூபாய் குறைத்துப் பிடித்தது.
கை தட்டினோம்.

பத்தாம் நாள்
பத்து ரோலையும் மங்கலத்துப் பட்டறைக்கு அனுப்பிவிட்டது.
கூலி கம்மி, மதிப்பெண் நாலே முக்கால்,
எங்கே பிசகு?
அந்த வாசலை ருக்குமணி மிதித்து ஆறு வருடம்.
போனஸ் வாரத்தில் துணியைப் பிடித்து வைத்து
வேலையாட்கள் முன்னால்
ஒரு வார்த்தை சொல்லிவிட்டவர் அந்தப் பட்டறைக்காரர்.

"அது எனக்குத் தெரியுமுங்க," என்றாள் கோகிலா.
"நீங்க எங்க கேட்டீங்க?"

இப்போது அவள் நாற்காலிக்குப் பக்கத்தில்
நோட்டும் பேனாவுமாய் நான்.
"'பாத்து'ன்னு ஒருக்காச் சொன்னா வெலையப் பாக்கோணும்.
ரெண்டுக்காச் சொன்னா ஆளப் பாக்கோணும்.
மாரப்பன் வண்டி அமாவாசைக்கு வராது.
நூலு வெல ஏறுன வாரம்
அவங்க கேக்காட்டியும் நாமளாக் கூப்புடோணும்."

இனி நான் வரைய மிஞ்சியது ஒரே ஒரு வரி:
'மங்கலத்துக்கு அனுப்பட்டுங்களா?'
எதைக் கேட்காமல் செய்வது,
எங்கே நின்று கேட்பது.
பச்சைக்குப் போட்ட சண்டையை
இப்போது அந்த 'ங்களா'வுக்குப் போடுகிறேன்.

பதினோராம் பக்கத்தில் கோகிலா நிறுத்தினாள்.
ஹெட்போனைக் கழுத்தில் இறக்கி,
டீயை ஒரு மடக்குக் குடித்து,
"மீதிய," என்றாள்,
"சம்பளம் பேசிப்போட்டுச் சொல்றனுங்க."