பொத்தான் ஒன்று

"டீசல் என்றே தெரியாது" என்பது
நான் தினமும் சொல்லும் வாக்கியம்.
சொல்லிவிட்டு ஒரு நொடி நிறுத்துவேன்,
வந்தவர்கள் அந்த அமைதியைக் கேட்கட்டும் என்று.

டார்க்வில் மெக்ஃபெயில் கேட்கவில்லை.
பேனட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார்
காய்ச்சல் பார்ப்பதுபோல.
"ஓடுகிறதா?" என்றார்.

முப்பத்தோரு வருஷம்
தீவுகளுக்குப் போகும் கப்பலில்
நீர்மட்டத்துக்குக் கீழே எஞ்சின் அறையில் இருந்தவர்.
பஞ்சைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
காதில் வைக்க மறந்த தலைமுறை.

ஓபன் துறைமுகத்திலிருந்து கானல் பாலம் வரை ஐந்து மைல்.
நான் இடப்பக்கம்.
அவர் மனைவி இஷ்பெல் பின்னால்,
மடியில் விலைப்பட்டியல்,
பல்லிடுக்கில் மூக்குக் கண்ணாடியின் ஒரு கால்.

முதுகு பிடித்துவிடும் இருக்கையைப் பற்றிச் சொன்னேன்.
பதில் இல்லை.
ஒன்பது கியரைப் பற்றிச் சொன்னேன்.
சாலையையே பார்த்தார்.
கறாரான ஆள், தள்ளுபடிக்கு அடிபோடுகிறார்
என்று நானே கணக்குப் போட்டு
யாரும் கேட்காமல் நானூறு பவுண்டு இறங்கினேன்.
அதற்கும் அசையவில்லை.

பாலத்தில் சிவப்பு விளக்கு.
கீழே ஏரி கடலுக்குத் திரும்பும் நேரம்,
பாறைமேல் வெள்ளை வெள்ளையாகக் கொதித்தது.

"அது செத்த பக்கம், தம்பி" என்றாள் இஷ்பெல் பின்னாலிருந்து.
"தொண்ணூற்றெட்டில் ஒரு குழாய் வெடித்தது.
இடது காது அன்றைக்கே வேலையை விட்டுக் கரையேறிவிட்டது.
உன் நானூறை
வலப்பக்கம் போய் நின்று சொல்."
வலப்பக்கம் ஜன்னல்தான் இருந்தது.

திரும்பி வந்து மேசையில் படிவத்தை விரித்தோம்.
ஒலி தடுக்கும் இரட்டைக் கண்ணாடி:
"எஞ்சினின் வாயைப் பொத்த நான் காசு கொடுப்பதா?"
அவர் அடித்தார். அவள் மறுபடி எழுதினாள்.
அவர் அடித்தார்.
பதினாறு ஸ்பீக்கர், இருவருமே அடித்தார்கள்.
கண்ணாடிக் கூரை:
"தலைக்குமேல் இரும்பு இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்."
"ஓட்டும்போதா?" என்றாள்.
பின்னால் இழுவைக் கொக்கி மட்டும் உடனே ஒத்துப்போனது;
இவ்வளவு விலையுள்ள காரில் எதை இழுக்கப் போகிறார்கள்
என்று நான் கேட்கவில்லை.
சாம்பல் நிறம் அவருக்கு.
"இந்த ஊர் மழையில் அதை எங்கே போய்த் தேடுவது?"
கரும்பச்சை ஆனது.

இருக்கையின் உயரம், கண்ணாடிகளின் சாய்வு,
எல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ளும் இரண்டு பொத்தான்.
"ஒன்று சாருக்கு, இரண்டு உங்களுக்கு"
என்று எழுதப் போனேன்.
பேனாவின் மேல் அவள் விரல்.
"இன்னொரு சுற்று போகலாம். நான் ஓட்டுகிறேன்."

கடை மூட ஐந்து நிமிஷம்.
சாவியைக் கொடுத்தேன், ஏனென்று இன்றும் தெரியாது.

இருபத்திரண்டு வருஷத்தில்
முதல் தடவையாகப் பின்னால் உட்கார்ந்தேன்.
பெல்ட்டின் கொக்கி இடுப்பில் குத்துகிறது,
இத்தனை பேரில் ஒருவரும் சொன்னதில்லை.

அவள் கூரைத் தகரத்தில் ஒழுகும் தண்ணீரைப் பற்றிப் பேசினாள்.
அவர் பதில் சொன்னார்.
தங்கையின் முழங்காலைப் பற்றி. சொன்னார்.
காலையில் வெளியே எடுத்துவைத்த மீனை
பூனை பார்த்திருக்குமா என்று.
"ஜன்னலை மூடிவிட்டுத்தான் வந்தேன்."

குரலை உயர்த்தவே இல்லை அவள்.
அதே பாலம், அதே சிவப்பு.
அவர் டாஷ்போர்டின் அடியில் கையை நுழைத்துத்
துடிப்பு இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து
அங்கேயே வைத்துக்கொண்டார்.
அவள் இன்னும் தணிந்து ஏதோ சொன்னாள்.
எனக்கு விழவில்லை.
அவர் கழுத்து சிவந்தது, அது தெரிந்தது.

பச்சை விழுந்தும் கொஞ்சம் நின்றோம்.

"கண்ணாடியை எழுதிக்கொள்" என்றார் திரும்பாமலே.
"பொத்தான் ஒன்று அவளுக்கு.
அப்புறம்,
ஏதோ நானூறு என்றாயாமே?"