முப்பது மீட்டர் நாடா

பெர்த்துக்கு வடக்கே, வான்னரூவின் பைன் காட்டில்
நிலத்தடி நீரை அளக்கப் போகிறோம்
நானும் இமாஸும்.
மாதம் ஒருமுறை, இருபத்திரண்டு குழாய்கள்.
பூட்டைத் திற, மூடியைக் கழற்று,
நாடாவை இறக்கு. நீர் பட்டால் அது
எலிக்குஞ்சு போலக் கத்தும்.
எண்ணை எழுது. பூட்டு.

இமாஸ் மட்டும் மூடியைத் தொடுமுன்
குனிந்து "அமித்" என்பாள்.
யார் அந்த அமித், வடக்கத்திப் பையனா என்று கேட்டேன்.
விழுந்து விழுந்து சிரித்தாள்.
சுண்டா மொழியில் அது அனுமதி கேட்கிற சொல்லாம்.
காய் பறிப்பதென்றாலும் கேள்,
நீர் மொள்வதென்றாலும் கேள்.
யாரிடம்?
"எனக்கு முன்னால் இங்கே இருந்தது எதுவோ, அதனிடம்."

அன்று காலைக் கூட்டத்திலும்
இது நூங்கர் மக்களின் மண் என்று
கிளென் வாசித்தான், தாளைப் பார்த்து,
நிறுத்தற்குறிகள் உட்பட.
முடித்தவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.
இமாஸ் காத்திருப்பாள்.
நான் ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன்.

மதியம் டப்பாவைத் திறந்து நீட்டி
"மங்கா" என்றாள்.
தேடினேன்.
வெந்த கீரையும் கடலைத் துவையலும்தான் இருந்தன.
எடுத்துக்கொள், உன் விருப்பம் என்று அர்த்தமாம்.
எங்கள் மாங்காய்தான் கடல் தாண்டிப் போய்
உபசாரமாகிவிட்டதோ என்று நினைத்தபடி சாப்பிட்டேன்.
அது சரியா தெரியாது.
துவையல் நன்றாக இருந்தது.

பதினேழாவது குழாய்.
நாடா இறங்கியது. இருபது. இருபத்தைந்து.
முப்பது மீட்டரும் தீர்ந்தது.
சத்தமில்லை.
தோண்டத் தோண்ட ஊறும் என்று
பள்ளியில் ஒப்பித்து மிட்டாய் வாங்கியவள் நான்.
குழாயில் காதை வைத்தேன்.
வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் வாசனை,
அதற்கு அடியில்
எவருக்காகவும் இல்லாத ஒரு குளிர்ச்சி.

ஷூ கயிற்றை அவிழ்த்து நாடாவோடு முடியலாம் என்றேன்.
இல்லாவிட்டால் போன மாத எண்ணோடு
கொஞ்சம் கூட்டிப் போட்டுவிடலாம்,
எல்லாரும் செய்வதுதான்.
நாடாவைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்,
மலைக்காட்டில் இருக்கும் எங்கள் ஆட்களிடம் ஒரு சட்டம் உண்டு:
நீண்டதை வெட்டாதே,
குட்டையை ஒட்டாதே.
"மூங்கிலுக்குச் சொன்னதா?"
"மூங்கிலுக்கும்."

அப்படியென்றால் தண்ணீர் எங்கேதான் இருக்கிறது?
"துக்கா."

முகத்தைப் பார்த்தேன். துக்கம் ஒன்றும் தெரியவில்லை.
தெரியாது என்பதை
மரியாதையோடு சொன்னால் அந்தச் சொல்லாம்.
வெடுக்கென்று சொல்ல வேறொன்று இருக்கிறதாம்,
அதை மாமியாரிடமும்
தண்ணீரிடமும் சொல்லக் கூடாதாம்.

இருபது வருடம் படித்திருக்கிறேன்.
தெரியாது என்பதை எத்தனை விதமாகச் சொல்லியிருக்கிறேன்:
தலை குனிந்து, பொய் கலந்து,
ஏறக்குறைய என்று முன்னால் ஒட்டி.
கும்பிட்டுச் சொன்னதில்லை.
வண்டியில் திரும்பும்போது கேட்டேன்,
படிப்புக்கு உங்கள் ஊரில் என்ன மதிப்பு?
உடம்பு நன்றாயிருப்பது முதலாவது, என்றாள்.
நல்லவளாயிருப்பது. நேர்மை. சுறுசுறுப்பு.
கெட்டிக்காரத்தனம் ஐந்தாவதாக ஏறும்,
வண்டியில் இடமிருந்தால்.

கட்டத்தில் சிறு கோடு போட்டிருந்தோம்.
மூன்றாம் நாள் கணினியில் அந்தக் கோடு
30.40 ஆகியிருந்தது.
காலி இடம் அதற்கு ஆகாது என்றான் கிளென்.
பாவம், அவனுக்கும் ஒரு மேலாளர்.

அடுத்த மாதம் இமாஸ் விடுப்பில்.
தனியாகப் போனேன், ஐம்பது மீட்டர் நாடாவோடு.
மூடியில் கை வைத்தேன், எடுத்தேன்.
வாய் வரைக்கும் வந்த சொல் எனக்குச் சொந்தமில்லை.
அதை எடுத்துக்கொள்ள யாரிடம் கேட்பது?
நின்றேன்.
மேலே கறுப்புக் காக்கட்டூ ஒன்று
பைன் காயைக் கடித்துக் கடித்துத்
துப்பிக்கொண்டிருந்தது.

வந்த நேரம் பத்தேகால், கிளம்பிய நேரம் பதினொன்று.
ஒரு குழாய்க்கு முக்கால் மணியா,
அங்கே என்ன செய்தாய் என்றான் கிளென்.
துக்கா, என்றேன்.

எழுத்துக்கூட்டச் சொன்னான்.