முப்பத்திரண்டு தொட்டி

கத்தரி வேண்டாம் என்றேன்.
பூத்தண்டு தாய்த்தண்டில் சேரும் கணுவில்
கட்டைவிரலை வைத்து
ஒருபக்கமாய்ச் சாய்த்தால் போதும்,
டிக்கென்று கையோடு வந்துவிடும்.
இதழை மட்டும் உதிர்த்துவிட்டுப் போனால்
மொட்டைத் தண்டு நின்று
மழையில் அழுகிக் கறுக்கும்.

ரிங்லெட் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே
மிசஸ் லோவின் தங்கும் விடுதி.
மாடிக் கம்பியில் முப்பத்திரண்டு தொட்டி ஜெரேனியம்,
சிவப்பு அதிகம், ரோஸ் கொஞ்சம்,
வெள்ளை இரண்டே இரண்டு.
அவற்றுக்கு நான் சம்பளக்காரி,
வாரம் இரண்டு நாள்.

முதல் வாரம் பதறிவிட்டார்:
"ஆலமா, அஞ்சலை! பூவை ஏன் ஒடிக்கிறே?
கே.எல். ஆளுங்க படம் எடுக்கிற பூ!"
வாடிய நடுவைப் பிரித்துக் காட்டினேன்.
விதை வைக்க விட்டால்
வேலை முடிந்ததென்று செடி உட்கார்ந்துவிடும்.
உட்கார விடக்கூடாது.

சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு.
பதினேழு வருஷம் மேட்டுத் தேயிலையில்
இதே இரண்டு விரல்.
இரண்டு இலை, ஒரு குருத்து,
இருபது நாள் போனால் மறுபடி அதே நிரை.
அங்கே கிள்ளியது பூக்காமல் இருக்க.

மெஷின் வந்தது. அப்புறம் அதைப் பிடிக்கவும்
வேறு ஆள் வந்தார்கள்.
கவனிப்பாரில்லாமல் விட்ட பத்தொன்பதாம் நம்பர் மலையில்தான்
தேயிலைக்கும் பூ உண்டென்று பார்த்தேன்:
வெள்ளை, நடுவில் மஞ்சள் பொடி.
குனிந்தால்தான் தெரியும்.

ஒன்றைக் கிள்ளினால் பூக்கும்,
ஒன்றைக் கிள்ளினால் பூக்காது.
விரலுக்கு இரண்டும் ஒரே கூலிதான்.
இப்போது அதில் துருவும் எலுமிச்சையும் கலந்த வாசம்,
சோப்புக்குப் போகமாட்டேன் என்கிறது.
பஸ்ஸில் பக்கத்து சீட்டு வங்காளதேசத்துப் பையன்
ஜன்னலைத் திறந்துவிட்டான்.

எறியச் சொன்ன கிளை ஒன்றை
மைலோ டின்னில் ஊன்றி
குளியலறைக்குப் பின்னால் வைத்தேன்.
பூத்தது. தொடவில்லை.
வாடியது. அப்போதும் தொடவில்லை.
தண்டு நுனியில் கொக்கு அலகுபோல
ஐந்தாறு கிளம்பின.
வெயில் அடித்த ஒரு மத்தியானம் அவை பிளந்து,
ஒவ்வொரு விதையும் ஒரு பஞ்சுச் சுருளைப் பிடித்துக்கொண்டு
கொடியில் காய்ந்த என் சட்டையில் வந்து ஒட்டின.
ஒவ்வொன்றாய்ப் பிரித்தெடுக்க
சோறு குழைந்துபோனது.

அதன்பிறகு அந்த டின்னில் பூ இல்லை.
இலை, மேலும் இலை.
இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

நாளைக்கு வியாழன்.
பதினாறாம் தொட்டியிலிருந்து.
ராத்திரி மழை பெய்தால்
வேலை கூடும்.