ஒன்பதாம் எண் பூட்ஸ்

விலங்கியல் துறைக்கு நான்கு ஜோடி ரப்பர் பூட்ஸ்.
இரண்டு கிழிந்தவை. ஒன்றுக்கு வலது கால் இல்லை.
மிஞ்சியது ஒன்பதாம் எண்.
அதில் என் காலுக்குத் துணையாக
இன்னொரு கால் குடியிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை, காலை ஆறரை.
கிசுமுக் கரையில் தண்ணீரே தெரியாமல் ஆகாயத்தாமரை.
சளக், சளக் என்று நான் இறங்கி
சல்லடையால் அள்ளுவேன்.
கையுறை போட்ட ஓன்டிட்டி
இலைகளைப் புரட்டி அடிப்பக்கம் பார்ப்பான்.
நெக்கேசா கரையில் நின்று நேரம் பார்ப்பாள்.
ஓர் இடத்துக்கு முப்பது நிமிடம்.
ஒரு நிமிடம் கூடினாலும் கணக்கு பொய் என்று
பதிவேட்டின் முதல் பக்கத்தில்
சிவப்பு மையில் எழுதியிருக்கிறது.

நத்தைகள்.
உளுந்தளவு, மிளகளவு,
பெரியது சுண்டுவிரல் நகம்.
கொசுவர்த்திச் சுருள் குட்டி போட்டதுபோல்
தட்டையாக, பழுப்பாக.

இருபத்து நான்கு குழிகள் கொண்ட தட்டு.
குழிக்கு ஒன்று, இரண்டு மில்லி சுத்தத் தண்ணீர்,
விளக்கடியில் இரண்டு மணி நேரம்.
வெளிச்சம் பட்டால்
நத்தைக்குள் இருப்பது பகலென்று நம்பி வெளியே வரும்.

கால் மணி நேரத்தில் கரண்ட் போனது.

சாவிக்கொத்தை இடுப்பில் மாட்டிய வசிகே
"சூரியனுக்கு மீட்டர் கிடையாது" என்று சொல்லி
தட்டைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்கு நடந்தார்.
காக்கைக்குக் காவலாக நாங்கள் மூவரும்.
கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவி
ஒரே தட்டில் உகாலி, பொரித்த ஒமேனா.
வெள்ளிக்கிழமை மரபியல் தேர்வு.
வாய் நிறைய மீனோடு
செல்பிரிவின் கட்டங்களை ஒப்பித்தாள் நெக்கேசா,
மூன்றாவதை விட்டுவிட்டு.

சி வரிசை, நான்காவது குழி.

தூசி என்றுதான் நினைத்தேன்.
தூசிக்கு வால் இருக்காது.
நுனியில் பிளந்த வால்;
துடித்து மேலேறி, சற்றே அயர்ந்து மூழ்கி,
மறுபடி துடித்து.
ஒரு சொட்டு அயோடின் விட்டதும்
அத்தனையும் மஞ்சளில் நின்றன.
எண்ணினோம். ஒரு நத்தை, ஒரு முற்பகல்,
முந்நூற்றுப் பதினெட்டு.

சீட்டில் இருந்தது என் கையெழுத்து:
இடம் மூன்று. கார் கழுவும் துறை.

ஓன்டிட்டி நுண்ணோக்கியிலிருந்து
கண்ணை எடுக்கவில்லை.
சனிக்கிழமைதோறும் அங்கேதான்
வெறுங்காலோடு முழங்காலளவு தண்ணீரில் நின்று
மட்டாட்டு வண்டிகளைத் தேய்ப்பான்.
சக்கரத்துக்குத் தனிக் காசு.
பருவக் கட்டணம் அந்த நுரையிலிருந்துதான் வருகிறது.

"தோலைத் துளைக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

இரண்டு மதிப்பெண் கேள்வி.
நெக்கேசாவுக்கு முழு மதிப்பெண் கிடைத்திருந்தது.
அவள் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"சில நிமிடங்கள்," என்றான் அவனே.
"நானும் எழுதினேன், அபோண்டி.
அரை மதிப்பெண் குறைத்தார்கள். படம் சரியில்லையாம்."

சுகாதார நிலையத்தில் மாத்திரை உண்டு,
உயரக் கோலோடு நிற்க வைத்து
அளந்து தருவார்கள் என்றார் வசிகே.
"தந்தார்கள், போன வருடம்," என்று சிரித்தான்.
"ஏரிக்கும் ஒன்று கொடுக்கச் சொல்லுங்கள்."

பதிவேட்டில் 'குறிப்பு' என்றொரு கட்டம் உண்டு.
பேனாவைத் திறந்தேன்.
ஒரு கோடு போட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

சனிக்கிழமை ஆணியில் பூட்ஸ் இல்லை.
எடுத்தவர் பெயரும் எழுதப்படவில்லை.
வெற்று ஆணியை வசிகே பார்த்தார்;
யாரும் கேட்காமலே
"தைக்கக் கொடுத்திருக்கிறேன்" என்று சொல்லி
சாவிக்கொத்தைக் குலுக்கியபடி போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை அது திரும்பியிருந்தது,
இத்தனை வருடங்களில் காணாத கறுப்பில்,
உள்ளே கார் ஷாம்பூ வாசனையோடு.

காலை நுழைத்தேன். இறங்கினேன். சளக்.
"ஆறு முப்பத்திரண்டு," என்றாள் நெக்கேசா.
இடம் மூன்று.
ஓன்டிட்டி முதல் இலையைப் புரட்டினான்.