முதல் இரண்டு எண்கள்

என் முகத்துக்கு முன்னால்
ஐசியைத்தான் பார்க்கிறார்கள்.
பிறந்த தேதியில் தொடங்கும் எண் அது.
முதல் இரண்டிலேயே விரல் நின்றுவிடும்.
எழுபத்திரண்டு.
மிச்சத்தைப் படிக்க யாருக்கும் நேரமில்லை.

நேற்றிரவு தலைக்கு மை அடித்தேன்.
பின்கழுத்தில் வழிந்ததைத்
தவமலர் பழைய துண்டால் துடைத்தாள்,
ஒன்றும் பேசவில்லை.
பீடோங்கிலிருந்து சுங்கைப் பட்டாணிக்கு
மோட்டாரில் இருபது நிமிடம்.
ஹெல்மெட்டுக்குள் வேர்த்து
காதோரம் ஒரு கருப்புக் கோடு இறங்கியிருக்கிறது.
மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்
அதைப் பார்த்தாள்,
பார்க்காதவள்போல பாரத்தைப் புரட்டினாள்.
அந்தக் காகிதத்துக்கு
அந்தப் பெயரை வைத்தவன்
கட்டாயம் என் வயதுக்காரன்.

"பதினெட்டு வருசமும் ஒரே ஸ்டோரா, அங்கிள்?"
ஒரே ஸ்டோர்.
கையுறைப் பெட்டிகளை எண்ணி ஏற்றி
எண்ணி இறக்கிய ஸ்டோர்.
நோய்க்காலத்தில் ராத்திரி பகல் தெரியாது,
ஊர்பேர் தெரியாத கைகளுக்கெல்லாம் உறை அனுப்பினோம்.
பிறகு உலகம்
உறையைக் கழற்றிக் குப்பையில் போட்டது.
எங்களையும் சேர்த்துத்தான்.

"கூப்பிடுறோம் அங்கிள்."
இந்த வார்த்தைக்கு
எட்டு மாதத்தில் நான் கற்ற பொருள்:
கதவு உங்களுக்குப் பின்னால் இருக்கிறது.

சொக்சோ ஆறு மாதம் கொடுத்தது.
அதன்பின் தவமலர்
சீனன் கடையில் மங்கு கழுவப் போகிறாள்,
நான் மதியச் சோறாக்குகிறேன்.
உப்பு கூடினாலும் சாப்பிட்டுவிடுகிறாள்,
அதுதான் தாங்க முடியவில்லை.
காடி ஓட்டலாமே என்றான் மச்சான்.
ஓட்டலாம்தான்,
கஞ்சிலுக்கும் வயதாகிவிட்டதாம்,
அந்தக் கம்பெனி எடுக்காதாம்.
இருவரும் தாமான் ஓரத்தில்
ஒரே மழையில் நனைந்துகொண்டிருக்கிறோம்.

சபிக்குல் போன் பண்ணியது செவ்வாய்க்கிழமை.
முன்பு ஸ்டோரில் என் கீழ் பெட்டி தூக்கியவன்,
டாக்கா பக்கம் ஏதோ ஊர்.
இப்போது செம்பனைத் தோட்டத்தில்
குத்தகைக்காரனின் ஆள்.
"போஸ், உதிரி பொறுக்க வர்றீங்களா?
நாற்பத்தைந்து வெள்ளி, கையில காசு."
போஸ் என்றுதான் இன்னமும் கூப்பிடுகிறான்,
வாய் பழகிவிட்டது.

ஏழு மணிக்கெல்லாம் போய்விட்டேன்.
குலை விழுந்த இடத்தைச் சுற்றி
பழங்கள் சிதறிக் கிடந்தன,
ஆரஞ்சும் கருப்புமாய், எண்ணெய்ப் பிசுக்கோடு.
குனிந்தால் இடுப்பு கேட்கிறது
நீ யார் என்று.
நிமிர்ந்தால் மட்டையின் முள்.
பழக்க தோசம், எண்ணிக்கொண்டே பொறுக்கினேன்.
முன்னூற்றுப் பதினாறு வரை வந்து விட்டுப்போயிற்று.
"எங்கே கையெழுத்து?" என்றேன் பத்து மணிக்கு.
சபிக்குல் சிரித்தான்.
"கையெழுத்தெல்லாம் கிடையாது போஸ், சாக்கு மட்டும்தான்."

அப்பா இதே மாதிரி ஒரு தோட்டத்தில்
பெரட்டுக்கு நின்றவர்.
கோயில் திருவிழாவில், சாவு வீட்டில்,
யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும்,
"என் மவன் வெளிவேலை" என்பார்.
அந்த ஒரு சொல்லுக்காகவே
நான்காண்டு நைட் ஷிப்ட் பார்த்தேன்.

போன் அடித்தது.
தெரியாத எண்.
கையைக் கால்சட்டையில் துடைத்தேன், போகவில்லை,
பிசுக்கோடு எடுத்தேன்.
நேற்றுப் பார்த்த பெண்ணாக இருக்கலாம்,
கூப்பிடுகிறேன் என்றாளே.

ஏதோ ஒரு பேங்க்.
எனக்கு ஐயாயிரம் வெள்ளி கடன் தர
ஆசைப்படுகிறார்களாம்.
நல்ல குரல், சின்ன வயது,
மூச்சு விடாமல் ஒப்பித்தாள்.
பாவம், அவளுக்கும் கணக்கு காட்ட
ஒரு மேலாளர் இருப்பான்.
"சார் இப்ப எங்க வேலை பாக்குறீங்க?"

சாக்கு பாதி நிறைந்திருந்தது.
தலைக்கு மேல் மட்டைகள்
வானத்தைக் கீறிக்கொண்டிருந்தன.
அடுத்த நிரையில் மறுபடி ஒரு குலை விழுந்தது, தொம்மென்று.

"வெளிவேலை" என்றேன்.